எம்ஜிபி எஞ்சினைப் பிரித்தாயிற்று

நான்: பெரியப்பா, 1967 எம்ஜிபி காரின் எஞ்சினை ஒருவழியாக வெளியே எடுத்துவிட்டேன். மேலே ஹெட், கீழே ஆயில் தொட்டியான சம்ப் எல்லாம் கழற்றியாயிற்று. வால்வைத் தள்ளும் டேப்பட்டுகளின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

நான்: [படம்]

பெரியப்பா: அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருக்கிறதே. எட்டுமே இப்படியா?

நான்: மூன்று நன்றாக இருக்கின்றன. டேப்பட்டைத் தூக்கும் கேமில் ஒரு லோப் (மேடு) தேய்ந்துவிட்டது, அதனால் புது கேம்ஷாப்ட் வாங்குகிறேன். அந்த மூன்றை மட்டும் திரும்பப் போடலாமா?

பெரியப்பா: கூடவே கூடாது தம்பி. புது கேம் என்றால் எட்டும் புது டேப்பட். அதன் அடி தட்டையாகத் தெரிந்தாலும் நடுவில் மயிரிழை அளவு புடைப்பு உண்டு, அதனால்தான் ஓடும்போது சுழன்றுகொண்டே இருக்கும், பழையதில் அந்தப் புடைப்பு போயிருக்கும், சுழலாமல் ஒரே இடத்தில் உரசிப் புது லோப்பையும் தின்றுவிடும்.

சித்தி: மாமா, நீங்கள் அம்பாசடர் மெக்கானிக். இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் எப்படி இவ்வளவு தெரிகிறது?

பெரியப்பா: எல்லாம் ஒரே குடும்பம்தான் அம்மா, பிஎம்சி கம்பெனியின் பி சீரீஸ் எஞ்சின். பழைய பெட்ரோல் அம்பாசடர் 1489 சிசி, எம்ஜிபி 1798. பிஸ்டன் ஏறி இறங்கும் ஸ்ட்ரோக் இரண்டிலும் 88.9 மி.மீ., சிலிண்டர் அகலமான போர்தான் 73லிருந்து 80க்குப் பெரிதானது.

அக்கா: அப்பா காபியைக்கூடத் தொடவில்லை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

நான்: கிராங்க்கை மைக்ரோமீட்டரில் அளந்தேன். அதைத் தாங்கும் மெயின் பேரிங் இடம் ஐந்தும் சரி. கனெக்டிங் ராடு மாட்டும் பிக் எண்டில் இரண்டு வட்டம் கெட்டிருக்கின்றன. 10 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து) கிரைண்ட் பண்ணக் கொடுக்கட்டுமா?

பெரியப்பா: முதலில் பழைய பேரிங் ஷெல்லின் முதுகில் அளவைப் பார், ஏற்கெனவே 10 போட்டிருந்தால் 20க்குப் போக வேண்டும். கிரைண்ட் ஆகி வந்ததும் ஆயில் ஓட்டை ஒவ்வொன்றையும் பிரஷ் விட்டுக் கழுவு, உள்ளே தூள் கொஞ்சம் தங்கினாலும் புது ஷெல் போச்சு. ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் சீட் என்ன நிலைமை?

நான்: ஈயம் இல்லாத பெட்ரோலுக்கான கடின சீட் போட்டிருக்கிறது. இங்கே 2000த்திலேயே கடைகளில் ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்திவிட்டார்கள், முந்தைய ஓனர் அப்போதே மாற்றியிருக்க வேண்டும்.

பெரியப்பா: நல்லது. மாட்டும்போது டேப்பட் இடைவெளி 15 தவ். 8ஆம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 1ஐச் சரிசெய், 6 திறந்திருந்தால் 3, இரண்டு எண்ணையும் கூட்டினால் எப்போதும் 9. அப்புறம், பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரில் சுற்று, ஆயில் கேஜ் ஏறின பிறகுதான் பிளக். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாதே! 2000 ஆர்பிஎம்முக்கு மேலேயே 20 நிமிடம் வை. கேமுக்குக் கிராங்க் வாரியடிக்கிற ஆயில்தான் கதி, ஐடிலில் அது போதாது.

நான்: சரி பெரியப்பா. தேய்மானத்தைக் குறைக்கும் ஜிங்க் கூடுதலாக உள்ள 20டபிள்யூ-50 ஆயில் வாங்கி வைத்திருக்கிறேன்.

பெரியப்பா: அதுதான் வேண்டும். முதல் ஸ்டார்ட் அன்றைக்கு வீடியோ காலில் வா, ராத்திரி எந்நேரம் ஆனாலும் பரவாயில்லை, அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும்.

நான்: கண்டிப்பாக. எட்டு டேப்பட்டும் இப்போதே ஆர்டர் போடுகிறேன்.