பழைய மில்லெஸிம் ஷாம்பெயின் குடித்த அனுபவம் உண்டா?

குசினிக்காரன், பாரிஸ்

கன காலமாக மனதில் கிடக்கிற கதை. பாரிசில் ஓர் உணவகக் குசினியில் நின்ற காலம். ஒரு மேசையில் 1985 மில்லெஸிம், அதாவது அந்த ஒரே ஆண்டு அறுவடையில் செய்த ஷாம்பெயின், கேட்டார்கள். எந்த வீட்டு, அதாவது எந்தத் தயாரிப்பாளரின், போத்தல் என்று எழுதமாட்டேன். சோமெலியே, ஒயினுக்குப் பொறுப்பான பரிசாரகர், திறந்தபோது சத்தமே இல்லை. தானே ஒரு துளி வைத்துப் பார்த்து, தலையாட்டிவிட்டுத்தான் ஊற்றினார். நுரை எழும்பவில்லை. நிறம் வெறுந்தேத்தண்ணி மாதிரி. வந்தவர் ஒரு வாய் குடித்துவிட்டு ‘இது செத்துப்போச்சு’ என்று கோப்பையைத் தள்ளிவிட்டார். சோமெலியே வாதாடவில்லை. அதை எடுத்துக்கொண்டு போய் வேறு இளம் போத்தல் ஒன்றைக் கொடுத்துவிட்டார்.

வேலை முடிந்து அடுப்பெல்லாம் துடைத்த பிறகு அந்தப் போத்தலோடு குசினிக்குள் வந்தார். பாத்திரம் கழுவுகிற பெடியன் வரைக்கும் எல்லோருக்கும் ஒவ்வொரு விரற்கடை ஊற்றினார். மூக்கருகே கொண்டு போனேன். நிலக்கீழ் அறை வாசம், காளான் வாசம், அவ்வளவுதான். ‘பொறு, குடிக்காதே’ என்றார். கோப்பையின் அடியில் ஒரு புள்ளியில் இருந்து ஒற்றைக் குமிழி, கொஞ்சம் கழித்து இன்னொன்று. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடத்தில் காளான் போய் வறுத்த கோப்பி, தேன், கருகின பட்டர் வாசம் வந்தது. விழுங்கின பிறகும் புளிப்பு நாக்கில் நின்று எச்சில் ஊற வைத்தது.

அந்த மனிசனுக்கு அது செத்தது. சோமெலியேக்கு உயிரோடு இருந்தது. விசயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ, ஆர் சரி?

பாகூர்ப் பையன், ரான்ஸ்

அண்ணே, சோமெலியே சொன்னதுதான் சரி. ஆனா வாடிக்கையாளர் மேலயும் தப்பில்லை. புதுசா அடைச்ச பாட்டில்ல சுமார் 6 பார் அழுத்தம் இருக்கும். வருஷம் ஓட ஓட கார்க் வழியா வாயு மெதுவாகக் கசியும். அத்தனை வயசான பாட்டில்ல நுரை எழலைன்னா அது அதிசயமில்லை. 85 குளிர்காலத்தில் பனி கொடிகளைக் கருக்கிய ஆண்டு. விளைச்சல் குறைவு, வந்தது நல்ல சரக்கு.

ஆனால் ‘காத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஷாம்பெயின் செய்யும் இந்தப் பக்கத்தில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த பழைய குகைகளில்தான் பாட்டில்கள் கிடக்கும், வருஷம் முழுக்கப் பத்துப் பன்னிரண்டு டிகிரி. அங்கே வேலை செய்யும் நண்பன் ஒரே வீட்டின் 1996ஐ இரண்டு விதமாகக் காட்டினான். ஒன்று, பாட்டிலுக்குள்ளேயே நொதிக்கும்போது தங்கும் ஈஸ்ட் வண்டலை நீக்கிக் கார்க் போட்டு விற்பனைக்குப் போன காலத்துப் பாட்டில். இன்னொன்று, அதுவரை ஈஸ்ட் வண்டலோடு பீர் மூடி போட்டுப் படுத்தே கிடந்தது. அதை என் கண் முன்னால் கையால் திறந்தான். பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து, நிமிர்த்திக்கொண்டே மூடியைத் தட்டினான். வண்டல் கட்டி மொத்தமாகப் பீய்ச்சிச் சுவரில் அடித்தது. கட்டைவிரலால் வாயைப் பொத்தி என்னைப் பார்த்துச் சிரித்தான். என் சட்டையெல்லாம் நுரை.

முதலாவது ஒயினில் வால்நட், உலர்ந்த அத்திப்பழம். இரண்டாவது வெளிர் நிறம், எலுமிச்சைத் தோல், அப்போதுதான் சுட்ட ரொட்டி, பொங்குகிற குமிழி. ஒரே தோட்டம், ஒரே அறுவடை! வண்டல் இருக்கும்வரை ஆக்சிஜனை அது வாங்கிக்கொள்ளும், ஒயின் இளமையாகவே இருக்கும். போலாஞ்ஜே வீட்டு அம்மையார் 1967இல் 1952ஆம் ஆண்டு ஒயினை இப்படித் தாமதமாக வண்டல் நீக்கி விற்றது இதனால்தான். தோம் பெரிஞ்ஞோன் ஷாம்பெயின்காரர்கள் இன்றைக்கு ‘பி2’ என்று சுமார் பதினைந்து வருஷம் வண்டலில் வைத்து விற்பதும் அதேதான். என் கட்சி இரண்டாவது பாட்டில். கார்க்கில் கிழடு தட்டியதை ‘முதிர்ச்சி’ என்று சொல்லிப் பணம் பிடுங்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஓய்வுபெற்றவர், லண்டன்

நான் ஏலத்தில் 1990 ஒன்று எடுத்தேன். பிரமாதம். அதை விடுங்கள், வாங்க நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லியாக வேண்டும்.

முதலில் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கி, கார்க்குக்கும் ஒயினுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். அதிகமாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பின் லேபிளில் வண்டல் நீக்கிய தேதி போட்டிருக்கிறதா பாருங்கள். நிறமற்ற கண்ணாடிப் பாட்டில் என்றால் எங்கே வைத்திருந்தார்கள் என்று கேட்காமல் வாங்கவே கூடாது. வெளிச்சம் பட்டால் வெந்த முட்டைக்கோஸ் நாற்றம் வந்துவிடும். ரோடெரர் வீட்டு கிறிஸ்டலை மஞ்சள் தாளில் சுற்றி விற்பது அழகுக்கு இல்லை. மேக்னம் என்ற பெரிய பாட்டில் கிடைத்தால் விடாதீர்கள். ஒயின் இரண்டு மடங்கு, கழுத்து கிட்டத்தட்ட அதே அளவு, அதனால் மெதுவாகத்தான் முதிரும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் நிமிர்த்தி வையுங்கள். ஐஸ் வாளியில் முக்கி எடுக்காதீர்கள், பத்துப் பன்னிரண்டு டிகிரி போதும். சத்தம் வராது என்று நினைத்து அலட்சியமாகத் திறக்க வேண்டாம், துண்டு போட்டுப் பிடியுங்கள். கார்க் உடைந்தால் அதற்கென்றே இடுக்கி விற்கிறார்கள். ஒல்லியான ஃப்ளூட் கோப்பையில் ஊற்றினால் வாசம் எழாது, வெள்ளை ஒயின் கிளாஸில் குடியுங்கள். கூட கோம்தே சீஸ் வையுங்கள். கேக் வேண்டவே வேண்டாம். கல்யாண கேக்கோடு குடித்துவிட்டு ‘புளிக்கிறது’ என்பவர்களுக்கு நான் என்ன சொல்ல.

பாகூர்ப் பையன் தம்பி, 96இல் புளிப்பு, சர்க்கரை இரண்டுமே எக்கச்சக்கம். பழச்சுவை போய்ப் புளிப்பு மட்டும் மிஞ்சிய பாட்டில்கள் நிறைய. அந்த ஒரு வருஷத்தை வைத்துப் பொதுவாகத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

சுபா, துருவா

ஐயா, இங்கே வாங்குவது பற்றி யாரும் கேட்கவில்லை :) உங்கள் 90 எப்படி இருந்தது என்றுதான் தெரிய ஆசை. ‘பிரமாதம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள்!

பாகூர்ப் பையன் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் கணவர் பிறந்த 1989ஆம் ஆண்டு ஒயினை மாமனார் ஒரு பெட்டி எடுத்து நிலவறையில் போட்டிருந்தார். கடைசிப் பாட்டிலைத் திறந்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். கார்க்கைக் கையில் கொடுத்தார். புதுப் பாட்டில் கார்க் வெளியே வந்ததும் கீழ்ப்பக்கம் பாவாடைபோல் விரியும் இல்லையா, இது நேராக, இறுகி, ஆப்பு மாதிரி இருந்தது. அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. ‘இவ்வளவு இறுகிய கார்க், உள்ளே என்ன மிச்சம் இருக்கும்’ என்று மாமியார் முணுமுணுத்துக்கொண்டே ஷாவுர்ஸ் சீஸை வெட்டினார்.

குமிழி இருந்தது, ஊசிமுனை அளவு. கண்ணுக்குத் தெரியவில்லை, நாக்குக்குத் தெரிந்தது. ஆரஞ்சுத் தோல் மிட்டாய், தேன்மெழுகு, உப்பு வறுத்த பாதாம். மாமனார் குடிக்கவே இல்லை. கோப்பையை உள்ளங்கையால் மூடி வைத்து, திறந்து மோந்து, மறுபடி மூடினார். மேசையில் எல்லோரும் முடித்த பிறகுதான் முதல் வாய். ‘இப்பத்தான் முழிக்குது’ என்றார். வண்டலோடு கிடந்து அன்று திறந்த பாட்டில் இளமையாக இருக்கும், சரி. ஆனால் இந்தச் சுவை அதில் வராது. இது கார்க் வழியே இத்தனை வருஷம் துளித்துளியாகப் புகுந்த காற்றும் சேர்ந்து செய்த வேலை. கிழடு என்று தள்ளினால் எப்படி?

செத்ததா இல்லையா என்று கேட்டீர்களே அண்ணா, 2010இல் பின்லாந்தின் ஓலாந்து தீவுகள் அருகே கடலடியில் 168 பாட்டில் எடுத்தார்கள், நினைவிருக்கிறதா? வூவ் கிளிக்கோ, ஜூக்லார், ஹைட்ஸீக் வீட்டு ஷாம்பெயின்கள். ஏறக்குறைய 170 வருஷம் இருட்டிலும் குளிரிலும் கிடந்தவை. லிட்டருக்குச் சுமார் 150 கிராம் சர்க்கரை. அந்தக் காலத்து ரசனை அப்படி, இன்றைய இனிப்புக் குறைந்த ‘புரூட்’ வகையில் 12 கிராமுக்கு மேல் கூடாது. ஆராய்ச்சியாளர்கள் முதலில் மோந்தபோது ஈர முடி, சீஸ் நாற்றம். கோப்பையைச் சுழற்றிக் காற்றுப் பட்டதும் புகை, மசாலா, தோல் வாசம், கூடவே பழம், பூ. 2015இல் வெளிவந்த ஆய்வில் இதெல்லாம் இருக்கிறது. அதுவே அப்படி என்றால், உங்கள் 85க்குப் பத்து நிமிடம் கொடுக்காமல் திருப்பி அனுப்பியதுதான் அநியாயம்.

மணல்மேடு, லியோன்

எல்லோரும் உருகுகிறீர்கள், நான் மட்டும் எதிர்க்கட்சி. கம்பெனி விருந்தில் 1988 ஊற்றினார்கள். எதிரில் இருந்த பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அது குமிழி போய், ஷெர்ரி என்ற ஸ்பானிஷ் ஒயின் மாதிரி ஆகிவிட்ட சரக்கு. ரொட்டி வாசம், கோப்பி வாசம் என்று அவர் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். நானும் மோந்து மோந்து பார்த்தேன், பழைய அலமாரிதான் வந்தது. பக்கத்து மேசையில் சாதாரண, ஆண்டு போடாத ஷாம்பெயின் இருந்தது. எழுந்து போய் அதை ஊற்றிக்கொண்டேன். ஜில்லென்று, நுரையோடு, பச்சை ஆப்பிள். சொர்க்கம்!

பெரியவர் என் மிச்சத்தையும் சேர்த்துக் குடித்துவிட்டார். இரண்டு பேருக்குமே லாபம். பிடிக்கவில்லை என்று சொன்னால் நாக்கு பழகவில்லை என்கிறார்கள், அதுதான் எரிச்சல். எனக்கு ரசம் புளித்தால் பிடிக்கும், ஒயின் ஷெர்ரி ஆனால் பிடிக்காது. இதில் பழக என்ன இருக்கிறது?

ஓய்வுபெற்றவர், லண்டன்

எந்த மாதிரி கிளாஸில் ஊற்றினார்கள் தம்பி? ஃப்ளூட்டா?

மணல்மேடு, லியோன்

ஃப்ளூட்தான் ஐயா. ஆரம்பிக்காதீர்கள்.