மாரத்தான் பயிற்சி கூடியதிலிருந்து நடுராத்திரியில் வியர்த்துக் கொட்டுகிறது. யாருக்காவது இப்படி இருந்ததா?

விடிகாலை ஓட்டம்:
வயது 36, ஆண். முழு மாரத்தானுக்கு 16 வாரப் பயிற்சியில் இது 11-வது வாரம். வாரத்துக்கு 45 கி.மீ. ஓடிக்கொண்டிருந்தவன் இப்போது 75-க்கு வந்திருக்கிறேன். மூன்று வாரமாக ஒரு தொல்லை. பத்தரைக்குப் படுத்ததும் தூங்கிவிடுகிறேன். இரண்டரை வாக்கில் விழிப்பு வந்தால் முதுகில் பனியன் ஒட்டிக்கிடக்கிறது, நெஞ்சு வேறு படபடக்கிறது. தலையணையைத் திருப்பிப் போட்டால் அந்தப் பக்கமும் ஈரம். பனியனை மாற்றி, துண்டை விரித்து அதன்மேல் படுத்தால் பத்து நிமிடத்தில் குளிரெடுக்கிறது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 36.7 டிகிரிதான். ஏசி 24-ல் ஓடுகிறது, மனைவி பக்கத்திலேயே போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். தினமும் வருவதில்லை, வாரத்துக்கு மூன்று நாள். மற்றபடி நன்றாகவே இருக்கிறேன். ஆறு வாரத்தில் 71 கிலோவிலிருந்து 68-க்கு வந்துவிட்டேன், அது ஒன்றுதான் லாபம்.

சைக்கிள்காரன்:
மெத்தை என்ன? மெமரி ஃபோம் என்றால் வேறு காரணமே தேட வேண்டாம். சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

விடிகாலை ஓட்டம்:
மெமரி ஃபோம்தான். ஆனால் நான்கு வருடமாக அதில்தான் படுக்கிறேன். மெத்தை மாறவில்லை, கிலோமீட்டர்தான் மாறியது.

நெடுந்தூரம்:
தம்பி, எந்த மூன்று நாள் என்று எழுதி வைத்தீர்களா? வேகப் பயிற்சி சாயங்காலமா?

தூங்கப் போகும்போது உடம்பு தன் உள்சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். கை கால்களில் ரத்தக் குழாய்கள் விரியும், விடிவதற்குள் உள்வெப்பம் ஏறக்குறைய 1 டிகிரி இறங்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு இன்டர்வல் (வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடும் பயிற்சி) முடித்துவிட்டு வந்தால் இது தள்ளிப்போகிறது. நாம் படுத்துவிட்டாலும் இதயமும் நரம்பும் இன்னும் ஓட்டத்திலேயே இருக்கும். போதாததற்கு, பயிற்சி ஏற ஏற உடம்பு வியர்ப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டும்: முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே வியர்வை தொடங்கும், அதிகமாகவும் கொட்டும். ஓடும்போது அது வரம், படுக்கையில் இம்சை. வாட்ச் கட்டிக்கொண்டு தூங்குவீர்களானால் அந்த ராத்திரிகளின் இதயத் துடிப்பைப் பார்த்துச் சொல்லுங்கள்.

வார்டு டியூட்டி:
நான் நர்ஸ். ஓட்டத்தின் தலையில் பழியைப் போடுவதற்கு முன் சில கேள்விகள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா? கழுத்திலோ அக்குளிலோ கட்டி தட்டுப்படுகிறதா? சாயங்காலம் உடம்பு கதகதப்பாகிறதா? புதிதாக ஏதாவது மாத்திரை? மன அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் ராத்திரி வியர்வையைக் கொண்டுவரும். கால்வலிக்கு பாரசிட்டமால் போடுகிறீர்களா? அது காய்ச்சலை மறைத்துவிடும். வியர்த்து முடிந்தபின் தெர்மாமீட்டர் வைத்தாலும் பயனில்லை, வியர்வையே சூட்டை இறக்கியிருக்கும். சாயங்காலமும் ஒரு தடவை பாருங்கள்.

நீங்கள் லாபம் என்று எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. எடையைக் குறைக்க முயலாமலே 3 கிலோ இறங்கியிருக்கிறது, கூடவே நனைந்துபோகும் அளவுக்கு வியர்வை. காசநோய், தைராய்டு மிகைச்சுரப்பு, லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் எல்லாவற்றுக்கும் இந்த ஜோடி பொருந்தும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் டாக்டரிடம் போய் ரத்த அணுக்கள் எண்ணிக்கை, ஈஎஸ்ஆர் (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும்), டிஎஸ்ஹெச் (தைராய்டு பரிசோதனை), சர்க்கரை பார்த்துவிடுங்கள். எக்ஸ்ரே வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார்.

விடிகாலை ஓட்டம்:
இருமல், கட்டி எதுவும் இல்லை சிஸ்டர். மாத்திரையும் இல்லை. நாளைக்கே டாக்டரைப் பார்க்கிறேன்.

நெடுந்தூரம் அண்ணா, வாட்ச்சைப் பார்த்தேன். தூக்கத்தில் வழக்கமாக 49 துடிக்கும், வியர்க்கும் ராத்திரிகளில் 58, 60. நாள் என்று பார்த்தால் செவ்வாய், வியாழன், ஞாயிறு. முதல் இரண்டும் சாயங்கால வேகப் பயிற்சி, முடிய எட்டே முக்கால் ஆகும். ஞாயிறு நீண்ட ஓட்டமோ காலை எட்டரைக்கே முடிந்துவிடுகிறது. அன்றைக்கும் ஏன்?

நெடுந்தூரம்:
ஞாயிறு எத்தனை கிலோமீட்டர்? ஓடிவிட்டு வந்து எப்போது சாப்பிடுகிறீர்கள்?

விடிகாலை ஓட்டம்:
28. வந்ததும் தண்ணீர் மட்டும்தான், மூன்று மணி வரை பசியே எடுக்காது. அப்புறம் கொஞ்சம் சாப்பிடுவேன். செவ்வாய், வியாழனிலும் நேரமாகிவிட்டதே என்று பாதி வயிற்றோடு படுத்துவிடுவேன்.

நெடுந்தூரம்:
அதைச் சொல்லுங்கள். ஓட்டத்துக்குத் தோராயமாக ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கலோரி என்று கணக்கு. உங்களுக்கு அன்று காலையிலேயே 1900 போய்விட்டது. பசி இல்லை என்பதை நம்பாதீர்கள், கடும் ஓட்டம் பசியைச் சில மணி நேரம் அமுக்கி வைக்கும். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன், அதாவது சேமித்து வைத்த சர்க்கரை, காலியாகக் கிடக்க, ராத்திரியில் சர்க்கரை இறங்கினால் அதைத் தூக்க உடம்பு அட்ரினலினை விடும். அப்போது வருவதுதான் படபடப்பும் வியர்வையும். உங்களுக்கு அதுவேதான் என்று சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் நீங்கள் சொல்வது அப்படித்தான் இருக்கிறது. எடை இறங்கியதும் அதில் சேர்த்திதான்.

ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் 70 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போகட்டும். மென்று தின்ன முடியாவிட்டால் குடியுங்கள். வேகப் பயிற்சியைக் காலைக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் ஒன்றையாவது. டாக்டர் பார்க்கும்வரை கிலோமீட்டரை ஏற்ற வேண்டாம்.

மெதுநடை:
இடையில் என் சந்தேகம். எனக்கு மாதவிலக்குக்கு முந்தைய பத்து நாளில்தான் இப்படி. அதுவும் பயிற்சியாலா?

வார்டு டியூட்டி:
சினைமுட்டை வெளியான பிறகு புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் உடல் வெப்பத்தை 0.3 முதல் 0.5 டிகிரி வரை ஏற்றும். அதன்மேல் பயிற்சிச் சூடு சேர்கிறது. அந்த நாட்களில் போர்வையை மெல்லியதாக மாற்றுங்கள், முடிந்தால் வேகப் பயிற்சியைத் தள்ளிப்போடுங்கள். நாற்பதைத் தாண்டியவர் என்றால், விலக்கு முன்பின்னாக வருகிறதா என்றும் கவனியுங்கள்.

விடிகாலை ஓட்டம்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்தன. டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொன்னார், அதிலும் ஒன்றுமில்லை. எடை 69.4. செவ்வாய்ப் பயிற்சி காலைக்கு மாறியது. வியாழன் மாறவில்லை, வேலை விடவில்லை, ஆனால் அன்று முழு வயிற்றோடு படுக்கிறேன். ஞாயிறு ஓட்டம் முடிந்து ஷூவைக் கழற்றும் முன்பே ஒரு பாட்டில் பழச்சாறு, குளித்ததும் சாப்பாடு. முதல் வாரம் அதை விழுங்குவது ஓட்டத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. மெத்தைமேல் பருத்தி விரிப்பு ஒன்றும் போட்டேன், சைக்கிள்காரனுக்காக.

இந்த மூன்று வாரத்தில் துண்டு தேவைப்பட்டது ஒரே ஒரு ராத்திரி, 32 கி.மீ. ஓடிய அன்று.