வெஸ்லியும் டீன் வீட்டு பட்லரும்

பெடல்போர்டு:
மேலே மீன்கொத்தி போட்டிருப்பது: "சாமுவேல் செபாஸ்டியன் வெஸ்லி எங்கேயும் நிலைக்காத சண்டைக்காரர், வேலையை விட்டுவிட்டு மீன்பிடிக்கப் போனவர்." 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஆர்கன் வாசிப்பாளர், சபை இசையமைப்பாளர் அவர். படித்ததும் வயிறு எரிந்தது. ஹெரிஃபோர்டு பேராலயத்தில் ஈஸ்டர் அன்று அவருக்குக் கிடைத்தது பாடகர் குழுச் சிறுவர்களும் ஒரே ஒரு பேஸ் குரலும் (ஆண்களின் தாழ்ந்த குரல்). அந்த பேஸ், டீன் (பேராலயத்தின் தலைமைக் குரு) வீட்டு பட்லர், அதாவது தலைமை வேலைக்காரர்! அந்தக் குழுவுக்குத்தான் 'பிளெஸட் பி த காட் அண்ட் ஃபாதர்' என்ற கீதத்தை எழுதினார்.

மீன்கொத்தி:
ஹெரிஃபோர்டு, எக்ஸிடர், லீட்ஸ், வின்செஸ்டர், கிளாஸ்டர். வேலை பார்த்தது ஐந்து ஊர். ஐந்திலும் டீன்தான் கெட்டவரா? 1847-ல் மீன்பிடிக்கப் போய்க் காலை உடைத்துக்கொண்டது பட்லரா?

பெடல்போர்டு:
லீட்ஸ் அப்போது பேராலயமே இல்லை, பங்குக் கோயில். டீனே கிடையாது. அதுகூடத் தெரியாமல் வந்துவிடுகிறீர்கள். ஹெரிஃபோர்டில் பாட வேண்டிய ஆண்கள் குருமார்கள், அவரவருக்குச் சொந்தச் சபை உண்டு. ஈஸ்டர் அன்று அங்கே போய்விட்டால் இங்கே யார் பாடுவது? மிஞ்சியது பட்லர். 1849-ல் வெளியிட்ட சிறுநூலில் பேராலயத்துக்குக் குறைந்தது 12 ஆண்கள் வேண்டும் என்றார். கேட்டது தப்பா?

ஆல்டோ அக்கா:
தம்பி, அந்த ஹெரிஃபோர்டு டீன் மெரிவெதரின் சகோதரியைத்தானே வெஸ்லி 1835-ல் கட்டினார்?

மீன்கொத்தி:
அப்படிப் போடுங்க அக்கா! மச்சான் வீட்டு பட்லர்!

பெடல்போர்டு:
அந்த ஈஸ்டரில் கல்யாணமே ஆகவில்லை ஐயா. மச்சான் வீடோ மாமன் வீடோ, குரல் ஒன்றுதானே?

ஆல்டோ அக்கா:
பட்லரை விடுங்க. வெஸ்லி 1864-ல் போட்ட ஆரேலியா மெட்டில்தான் நம்ம சிஎஸ்ஐ சபைகளில் 'சபையின் அஸ்திபாரம்' பாடுறோம். அதை இழுத்து இழுத்து வாசிக்கிறவங்களை யாரும் கேட்கிறதில்லை.

பெடல்போர்டு:
போன பிரதிஷ்டைப் பண்டிகையைத்தானே சொல்றீங்க? நேரடியாகவே சொல்லுங்க அக்கா. மெட்டு மேலே ஏறுகிற இடத்தில் சபையார் மூச்சு வாங்க வேண்டாமா? உங்க ஆல்டோ வரிசைதான் அரை மாத்திரை பிந்தி வந்தது.

ஆல்டோ அக்கா:
எங்க வரிசையைப் பத்தி இங்க பேச வேண்டாம். ஒத்திகைக்கு மூணு வாரம் வராதது யாருன்னு சபைக்கே தெரியும்.

மீன்கொத்தி:
1873-ல் சர் பட்டமா, வருஷம் 100 பவுண்ட் ஓய்வூதியமா என்று வெஸ்லியிடம் அரசு கேட்டபோது பணத்தைத்தான் எடுத்தார். கலைக்காக வாழ்ந்தாராம்.

பெடல்போர்டு:
அதுவும் குற்றமா? பட்டத்தை வைத்து வீட்டில் உலை வைக்க முடியுமா? 1876-ல் கிளாஸ்டரில் இறந்தவரை எக்ஸிடரில், குழந்தையிலேயே போய்விட்ட மகளுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அவரையா எங்கேயும் ஒட்டாதவர் என்கிறீர்கள்?

மீன்கொத்தி:
நான் கேட்டது ஐந்து ஊர். கல்லறையைப் பற்றிக் கேட்கவில்லை.

பெடல்போர்டு:
12 பேர் பாட வேண்டிய இடத்தில் ஒரு பட்லர். முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள், பிறகு ஊர்க் கணக்குக்கு வருகிறேன்.