மறுமொழி: ‘ஆஃப் டாபிக்’ என்பதற்கு ‘ஊடுபேச்சு’

அன்புள்ள ஐயா அவர்களுக்கும் குழு அன்பர்களுக்கும் வணக்கம்.

குழுவின் பேசுபொருளை விட்டு விலகிய பேச்சைக் குறிக்கும் ‘ஆஃப் டாபிக்’ என்பதற்குத் தமிழில் நல்ல சொல் ஒன்று வேண்டும் என்று தாங்கள் தொடங்கிய இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள் அனைத்தையும் படித்தேன். தலைப்பிலி, தலைப்பு விலகல், புறப்பொருள், புறம்பேச்சு, அரட்டை, கும்மி, அளவளாவல், துக்கடா, அயற்சுரம் என்று பட்டியல் நீண்டுவிட்டது. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் இன்று பெரும்பாலும் செம்பனையும் சூழ்ந்திருக்கும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், இளையராஜா பாடல்களுக்கென்றே நடக்கும் ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இருப்பவன் என்ற முறையில் என் கருத்தையும் சேர்க்கிறேன். இச்சொல் நாளும் தேவைப்படுவது எங்களைப் போன்ற ரசிகர்களுக்குத்தான். ஆகவே அகராதியைப் புரட்டுமுன், அந்தப் பேச்சு எங்களிடையே எவ்வாறு நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஒருவர் ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ பாடலை இட்டு, 1977இல் வந்த ‘கவிக்குயில்’ படத்துக்காகப் பாலமுரளிகிருஷ்ணா பாடியது, ராகம் ரீதிகௌளை என்று எழுதுவார். அந்த ராகம் நேராக ஏறாமல் வளைந்து வளைந்து ஏறுவதைப் பற்றி அடுத்தவர் ஒரு குரற்பதிவு அனுப்புவார். மூன்றாமவர், எங்கள் நாட்டுத் தமிழ் வானொலியாகிய இன்றைய மின்னல் எஃப்எம் ‘வானொலி 6’ என்று இருந்த நாளில் தம் தோட்டத்தில் யார் வீட்டு வானொலியில் அந்தப் பாட்டைக் கேட்டார் என்று நினைவுகூர்வார். அவ்வளவுதான், பேச்சு லயத்துக்குள் நுழைந்துவிடும். அந்த வீட்டுக்காரர் இப்போது எந்தத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறார், கிராணி (தோட்ட எழுத்தர்) வீட்டுக்கு மட்டும் இரவு முழுவதும் விளக்கு எரிந்தது ஏன், அவருடைய பேத்திக்குப் பள்ளியிறுதி எஸ்பிஎம் தேர்வில் என்ன கிடைத்தது, இந்த ஆண்டு டுரியான் பிந்துகிறதே என்று அது எங்கெங்கோ போகும். (இசையின் காலப் பிரமாணத்துக்கும் தோட்டத்து வீட்டு வரிசைக்கும் ‘லயம்’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் எங்களுக்கு இந்தத் தாவல் இயல்பாகவே வருகிறது.) நடுவில் எவராவது அந்த நாளைய ஒலிநாடாவின் மறுபக்கத்தில் இருந்த பாட்டு எது என்று கேட்க, பேச்சு மறுபடியும் இசைக்கு வந்து சேரும். இதற்குத்தான் பெயர் வேண்டும்.

ஆங்கிலச் சொல் இந்தப் பேச்சை அது எதைப் பற்றியது அன்று என்பதைக் கொண்டே குறிக்கிறது. அது புழங்கிய இடம் அத்தகையது. இணையத்தின் தொடக்ககாலக் கலந்துரையாடல் களமாகிய யூஸ்நெட் செய்திக் குழுக்களில் ஒவ்வொரு குழுவும் ஒரு பேசுபொருளுக்கென்றே பெயரிடப்பட்டிருந்தது. தொலைபேசிக் கம்பி வழியே மெல்ல இறங்கிய ஒவ்வொரு மடலும் வாசகரின் நேரத்தையும் பல வேளைகளில் காசையும் தின்றது. ஆகவே பேசுபொருளை விட்டு அலைய வேண்டாம் என்று, 1995 அக்டோபரில் வெளிவந்த ஆர்எஃப்சி 1855 என்னும் இணைய நடத்தைக் கையேடு வெளிப்படையாகவே அறிவுறுத்தியது. அதே மக்கள்தாம், சொல்லாமல் இருக்க இயலாதபோது மடலின் தலைப்புக்கு முன்னால் ‘ஓ.டி.’ என்று இரண்டெழுத்தை இட்டு, வேண்டாதவர் தாண்டிப் போகட்டும் என்று வழியும் விட்டார்கள். இவ்வாறு கண்டிப்பும் இசைவும் ஒரே சொல்லுக்குள் அங்கே பழகிவிட்டன. நாமும் அந்த இரண்டையும் ஒரே தமிழ்ச்சொல்லில் அடைக்கப் பார்ப்பதால்தான், இவ்விழையில் பாதிப் பேர் விதிமீறலுக்குப் பெயர் தேட, மீதிப் பேர் நட்புக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எனவே இரண்டு சொற்களாகப் பிரித்துக்கொள்வதே நல்லது என்பது என் துணிபு. குழு விதிகளில் எழுதுவதற்கு, பேசவேண்டியதை விட்டுப் போய்விட்டார் என்று குறிக்கும் ஒரு சொல் போதும். அதற்குப் ‘பேசுபொருள் விலகல்’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘தலைப்பு விலகல்’ வேண்டாம் என்று நம் தோழி ஒருவர் எழுதியதை வழிமொழிகிறேன். தமிழில் தலைப்பு என்பது சேலைத் தலைப்பும் ஆகும்; பெண்களும் இருக்கும் குழுவில் ‘உங்கள் தலைப்பு விலகுகிறது’ என்று நெறியாளர் ஒருவர் எழுதினால் என்ன ஆகும் என்பதை நான் விரிக்க வேண்டியதில்லை. ‘தலைப்பிலி’ என்பதோ பெயரில்லாத கோப்பைக் குறிக்கத்தான் பொருத்தமாக இருக்கிறது.

மீதமிருப்பது நட்பான பேச்சு. இதற்குப் ‘புற’ என்று தொடங்கும் சொல் எதுவும் ஒத்துவராது. புறப்பொருளை இலக்கணம் முன்பே எடுத்துக்கொண்டது. ரசிகர் குழுவில் டுரியானைப் பற்றிப் பேசுவதை வெட்சி, வஞ்சி என்னும் புறத்திணைகளோடு சேர்க்க இயலாது. புறம்பேச்சு என்றதும் புறங்கூறல்தான் நினைவுக்கு வரும். குறளில் புறங்கூறாமைக்கு அடுத்த அதிகாரமே பயனில சொல்லாமை என்பதால், இந்தப் பக்கம் போனால் வள்ளுவர் நம்மை இரண்டு முறை கடிந்துகொள்வார். அவரே ஐம்பத்து மூன்றாம் அதிகாரமாகிய சுற்றந்தழாலில், அளவளாவு இல்லாதவனுடைய வாழ்க்கை கரையில்லாத குளத்தில் நீர் நிறைந்ததைப் போன்றது என்கிறார். கோவையிலிருந்து எழுதிய அன்பர் ‘அளவளாவல்’ என்று பரிந்துரைத்தது இதை மனத்தில் வைத்தே என்று நினைக்கிறேன். அச்சொல் அழகானது, உயர்வானது. ஆயினும் ரீதிகௌளையைப் பற்றிக் கலந்து பேசுவதும் அளவளாவல்தான். பேசுபொருளுக்கும் மற்றதற்கும் இடையே உள்ள கோட்டை அது காட்டுவதில்லை. கலைச்சொல்லுக்கு அந்தக் கோடு வேண்டும்.

அரட்டை இணையத்தில் நேரலைப் பேச்சு முழுவதற்கும் உரியதாகி, சோகோ நிறுவனத்தின் செயலிக்கே பெயரும் ஆகிவிட்டது. கும்மியைத் தமிழ் வலைப்பதிவர்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் இதே பொருளில் வழங்கியவர்கள் உண்டு. வட்டமாக நின்று கைகொட்டும் ஆட்டம் என்பதால் இசைக் குழுவுக்கு அது பொருந்தும் என்றும் வாதிடலாம். ஆனால் பலர் சேர்ந்து ஒருவரைக் கும்முவது என்ற நிழல் அதன்மீது விழுந்துவிட்டது. துக்கடா, கச்சேரியின் பிற்பகுதியில் பாடும் சிறு உருப்படி என்ற அளவில் மதிப்புள்ள சொல். தெருவில் இறங்கினால் அற்பமானது என்ற பொருள்தான் முன்னால் நிற்கிறது.

‘அயற்சுரம்’ என்ற பரிந்துரையைத் தள்ளுவதற்கு மட்டும் எனக்கு மனம் வரவில்லை. தாய் ராகத்துக்கு உரியதல்லாத சுரம் ஒன்று உள்ளே வந்து, அந்த வருகையாலேயே ராகம் தன் முகத்தைப் பெறுவதைப் பாஷாங்க ராகங்களில் கேட்கிறோம். அரிகாம்போதியில் பிறந்த காம்போதியில் காகலி நிஷாதம் வந்து போகிறது. நடபைரவியில் பிறந்த பைரவியில் சதுசுருதி தைவதம் வருகிறது. அந்தச் சுரத்தை நீக்கிவிட்டுப் பைரவியைப் பாடிப் பாருங்கள் என்று இதைப் பரிந்துரைத்த அன்பர் கேட்டது நல்ல கேள்வி. எனக்கு இரண்டு தடைகள் உள்ளன. அயற்சுரம் தான் நினைத்த இடத்தில் எல்லாம் வருவதில்லை. அதற்கென்று வகுத்த பிடிகளில் (சுரக்கோவைகளில்) தான் வரும். டுரியான் அப்படி அனுமதி கேட்டு வருவதில்லை. மற்றொன்று ‘அயல்’ என்ற முன்னொட்டு. தமிழ்நாட்டில் எங்களுக்கு ‘அயலகத் தமிழர்’ என்று பெயர். தலைமுறை தலைமுறையாக இங்கேயே பிறந்து இங்கேயே வாழ்கிறவர்கள், எங்கிருந்து பார்த்தால் நாங்கள் அயல் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, எங்கள் வீட்டுப் பேச்சுக்கும் அதே சொல்லைக் கட்ட விரும்பமாட்டார்கள்.

என் பரிந்துரை ‘ஊடுபேச்சு’ என்பதாகும்.

ஊடு என்றால் இடை, நடு. ஊடகம், ஊடாட்டம், ஊடுருவல், ஊடுகதிர் (எக்ஸ்ரே) என்று அது கலைச்சொல்லாக்கத்தில் நன்கு உழைத்த அடி. அவற்றுள் எனக்கு வழிகாட்டியது ஊடுபயிர். நட்ட ரப்பர்க் கன்று பால் வெட்டும் பருவத்துக்கு வருவதற்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை வரிசைகளுக்கு இடையே வெயில் விழும் நிலத்தில் சிறுதோட்டக்காரர்கள் வாழையோ அன்னாசியோ வைப்பார்கள். பெரிய தோட்டங்களில் பியூரேரியா, சென்ட்ரோசீமா போன்ற அவரையினக் கொடிகளைப் படரவிடுவார்கள். வேளாண் நூல்கள் இவற்றை மூடுபயிர் என்று பிரித்துச் சொல்லும். அவை மழையில் மண் அரிக்காமல் காக்கின்றன. வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. மரங்கள் கிளைகோத்து நிழல் கூடியதும் தாமாகவே குறைந்துபோகின்றன. இவற்றை எந்தக் கங்காணியும் (தோட்ட மேற்பார்வையாளரும்) களை என்று சொன்னதில்லை. களை என்று அழித்தது லாலான் புல்லைத்தான்.

ரசிகர் குழுவில் இந்தப் பேச்சு செய்கிற வேலையும் ஏறக்குறைய அதுவே. ராகத்தின் பெயர், தாளக்கட்டு, பேஸ் கிட்டாரின் நடை என்று பேச்சு போகும்போது வாய் திறக்கத் தயங்குகிறவர்கள் எங்கள் குழுவில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இசை தெரியாது என்று பொருளில்லை. தெரிந்ததை எந்தச் சொல்லில் சொல்வது என்ற கூச்சம்தான். கோயில் தீமிதியைப் பற்றியோ ஈப்போ சாலை நெரிசலைப் பற்றியோ பேச்சு வரும்போது அவர்கள் முதலில் நுழைகிறார்கள். அங்கே முகம் பழகிய பிறகு, ‘அந்தப் பாட்டில் குழல் வரும் இடத்துக்கு முன்னால் ஒரு சத்தம் வருகிறதே, அது என்ன வாத்தியம்’ என்று கேட்கும் துணிவு வருகிறது. இப்படிக் கேட்கப்படும் கேள்விகள், நாங்கள் ராகப் பெயரை எழுதி முடித்துக்கொள்ளும் பதில்களைவிடப் பெரும்பாலும் கூர்மையானவை. ஒருவர் உடல்நலமின்றி மருத்துவமனையில் கிடப்பதைக் குழு அறிவதும், யாருக்காவது இரத்தம் தேவைப்படும்போது ஆள் திரள்வதும் இந்த இடைவெளியில்தான். இதனைப் பேசுபொருள் இல்லாமை என்று எதிர்மறையாகப் பெயரிடுவது பார்த்ததைச் சொல்வதாகாது.

எழக்கூடிய மறுப்புகளுள் முதன்மையானது, ஊடுபேச்சு என்றதும் ஊடல் நினைவுக்கு வரும் என்பது. பிணங்குதலைக் குறிக்கும் ‘ஊடு’ வினையடி. நான் எடுத்தது ‘அதனூடு’, ‘அதனூடாக’ என்பவற்றில் வரும் பெயரடி. ஊடுபயிரைக் கேட்டு வயலும் பயிரும் பிணங்கிக்கொண்டன என்று எவரும் எண்ணுவதில்லை என்பதால், இதுவும் பழகினால் தெளிந்துவிடும். அடுத்தது, ஒருவர் பேசும்போது குறுக்கே பேசுவது என்று பொருள்படாதா என்ற ஐயம். இது ஓரளவு நியாயமானதே. ஆனால் அதற்கு இடைமறித்தல், குறுக்குப்பேச்சு என்ற சொற்கள் வழக்கில் வலுவாக இருக்கின்றன. வலுவான சொல் இருக்கும் இடத்தில் புதுச்சொல் போய் உட்காருவது அரிது.

சொல் நிலைப்பது அதன் அழகால் மட்டும் அன்று என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி தந்ததாகப் பலரும் குறிப்பிடும் ‘இணையம்’ உலகத் தமிழர் அனைவருக்கும் பொதுவாகிவிட்டது. ‘புலனம்’ எங்கள் நாட்டில் வானொலி, நாளிதழ், பள்ளிக்கூடம் எங்கும் வழங்க, தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் வாட்ஸ்அப்பாகவே இருக்கிறது. ‘கட்செவி அஞ்சல்’ என்று தினமணி எழுதியதைப் படித்தபோது, கட்செவி என்றால் பாம்பு என்று பள்ளியில் படித்த எங்களில் சிலர் ஒரு நிமிடம் திகைத்தோம். இதனால் நான் சொல்ல வருவது, ஊடுபேச்சை முதலில் எங்கேனும் ஒரு குழுவில் புழங்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்பதே.

மற்றொரு வேறுபாட்டையும் இங்கேயே குறித்துவிடுகிறேன். அந்தப் பேச்சு நடப்பதற்கென்று ஒதுக்கும் தனி அறைக்கும் ஒரு பெயர் வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தனர். அதற்குப் பொதுவான கலைச்சொல் தேவையில்லை. அந்தந்த ஊர்க்காரர் தமக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொள்ளட்டும். தமிழ்நாட்டவர் திண்ணை என்பர். எங்கள் லயத்து வீடுகளில் திண்ணை இல்லை. வீட்டு முன்புறத்தில் அஞ்சடி இருந்தது. கடைத்தெருவின் ஐந்தடி அகல நடைபாதைக்கு வழங்கிய அந்தப் பெயர் தோட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. பால் வெட்டிவிட்டு வந்தவர்கள் மாலையில் கால்நீட்டி உட்கார்ந்ததும், அக்காமார் தலைவாரிக்கொண்டே அடுத்த வீட்டுக் கதையைக் கேட்டதும் அங்கேதான். ‘அஞ்சடி’ என்றால் எங்கள் குழுவில் விளக்கவுரை வேண்டாம். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ இருப்பவருக்கு வேண்டியிருக்கும் என்பதால் இதை உலகப் பொதுவாக்கச் சொல்லி நான் வற்புறுத்தமாட்டேன்.

சொல்லைப் பயன்படுத்தும் முறை குறித்துச் சில. ஊடுபயிர், ஊடுகதிர் என்னும் வழக்கைப் பின்பற்றி இடையில் ஒற்று மிகாமல் ‘ஊடுபேச்சு’ என்றே எழுதலாம். மடலின் தலைப்பில் இடும் குறியாக ‘ஊ.பே.’ போதுமானது. எங்கள் குழுவின் நெறியாளரம்மா இதைக் கேட்டவுடனே இடத் தொடங்கிவிட்டார். இளைஞர்கள் புள்ளிகளை விழுங்கிவிட்டு ‘ஊபே’ என்றே வாயால் சொல்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர்கள் ‘ஊபே போட்டான்’ என்பதோடு நில்லாமல் ‘ஊடுபேசினான்’ என்று வினையாகவும் எழுதத் தொடங்கியிருப்பது எனக்கு உறுத்துகிறது. ‘ஊடுபேச்சில் சொன்னான்’ என்பதுதான் என் காதுக்கு இயல்பாக இருக்கிறது. வினைவடிவை ஏற்பதா விலக்குவதா என்பதில் இலக்கணம் அறிந்த ஐயா தங்கள் கருத்தையும், மறுப்பு உடையவர்கள் தங்கள் மாற்றுச் சொல்லையும் இவ்விழையிலேயே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் உறுப்பினர்