சேறு குடிக்கும் பின்னல் மிதவை

முரசுமோட்டை வயற்காரன்:
இரணைமடுத் தண்ணீரில் அரை ஏக்கர் மட்டும் வரிசையாக நட்டிருக்கிறோம். களைக்கருவி உருட்டுவது அம்மா. கருவியின் முன்னால் இருக்கும் தகர மிதவை மட்டும் 1.1 கிலோ. வரம்பில் தூக்கித் திருப்பும் ஒவ்வொரு தடவையும் அம்மா வற்றாப்பளை அம்மாளைக் கூப்பிடுவது முற்றம்வரை கேட்கும்.

அதனால் மிதவையை முப்பரிமாண அச்சில் எடுத்தேன். 30 செ.மீ. நீளம், 14 அகலம், 4 உயரம். பிரிண்டரின் தட்டு 22 செ.மீ. என்பதால் இரண்டு துண்டாக எடுத்து மரையாணியால் பூட்டினேன். அடியில் மெல்லிய தகடு. மேலே முழுக்கத் திறந்த கனசதுரக் கூடுகள், கூடு 8 மி.மீ., கம்பி 2 மி.மீ. தராசில் 320 கிராம். வீட்டில் ஒரே பெருமை.

இரண்டு வரிசை உருட்டிவிட்டுத் தூக்கினால் 1.6 கிலோ! கூடெல்லாம் சேறு. மூன்றாம் வரிசையில் மரையாணித் துளையருகே பக்கவாட்டில் நெளிந்து முறிந்தது. மிச்சத் துண்டு மதியம் வரம்பில் கிடந்து அப்பளம்போல வளைந்துவிட்டது. கூட்டைச் சிறிதாக்குவதா, கம்பியைத் தடிப்பாக்குவதா?

வவுனியாப் பட்டறை:
இரண்டும் வேண்டாம் தம்பி. காவல் பரண் கட்டியிருப்பீர்கள்தானே? நான்கு கால் நட்டுச் சுற்றிவரக் கட்டினாலும் குறுக்குத்தடி போடாவிட்டால் ஆளேறியதும் ஆடும். கனசதுரக் கூடும் அதேதான். மூலை எட்டு, கம்பி பன்னிரண்டு. அசையாமல் நிற்க மூலைக்கு மூன்று வீதம் எண்ணி ஆறைக் கழிக்கவேண்டும்: 3×8−6, அதாவது 18 கம்பி வேண்டும். குறைகிற ஆறும் ஆறு முகத்துக்கான மூலைவிட்டங்கள். அவை இல்லாததால் பக்கவாட்டு விசை வரும்போது கம்பிகள் வளைந்துதான் தாங்குகின்றன. வளைந்து தாங்கும் கூட்டில் அடர்த்தியைப் பாதியாக்கினால் விறைப்பு காற்பங்காகிவிடும். இழுபட்டும் அமுங்கியும் தாங்குகிற கூட்டில் ஏறத்தாழப் பாதிதான் குறையும்.

ஆனால் உங்கள் பிரிண்டரில் மூலைவிட்டக் கம்பிகளும் நன்றாக வராது. அச்சிடும் ஒவ்வொரு படையிலும் கம்பி ஒரு தனிப் புள்ளி. பிளாஸ்டிக்கை உருக்கி விடும் முனையான நாசில் தூக்கித் தூக்கி வைத்துப் போகும். உருவைப் படைபடையாக வெட்டித் தரும் மென்பொருளான ஸ்லைசரில் ஜைராய்டு என்கிற அலைச்சுவர் நிரப்பலை 10 சதவீதம் போடுங்கள். அதன் சுவர் அறுபடாமல் நெளிந்து ஓடும், அச்சிடும்போது முட்டுக்கொடுக்கத் தாங்கி தேவையில்லை. வெளியே 1.2 மி.மீ. தோல் மூடியிருக்கட்டும், 0.4 மி.மீ. நாசிலுக்கு மூன்று கோடு. சேற்று வயலில் திறந்த பின்னல் வைப்பது கடகத்தால் தண்ணீர் அள்ளுவது மாதிரி. மரையாணித் துளையைச் சுற்றி மட்டும் முழுத்திண்மமாக விடுங்கள், கஞ்சத்தனம் அங்கே வேண்டாம். வரம்பில் வளைந்த கதைக்கு வருவோம்: பிஎல்ஏ என்ற அச்சுப் பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகும். கறுப்பு நிறமென்றால் நம் வெய்யில் போதும். பிஇடிஜி என்ற பிளாஸ்டிக் 80 வரை தாங்கும்.

முரசுமோட்டை வயற்காரன்:
அண்ணை, சொன்னபடி எடுத்தேன். 430 கிராம். முதல் மிதவையைவிடப் பாரம்தான், ஆனால் வயலால் வரும்போதும் அதே 430. முறியவில்லை. ஒரு கிழமைக்குப் பிறகு ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர்ச் சத்தம். படைகளுக்கிடையே கசிந்திருக்கிறது. பின்மூலையில் துளைபோட்டு வடித்தேன். கொஞ்சம் வந்தது, ஆனால் ஆட்டினால் இன்னும் களகளவென்கிறது.

அறிவியல்நகர் மாணவி:
அது ஜைராய்டின் குணம், அண்ணா. நாசாவில் ஆலன் ஷோன் 1970இல் விவரித்த பரப்பு அது. உள்ளிருக்கும் வெளியை ஒன்றோடொன்று சேராத இரண்டு சுரங்கங்களாகப் பிரித்துவிடும். நீங்கள் ஒன்றைத்தான் திறந்திருக்கிறீர்கள். உலோகத் தூளில் அச்சிடுகிறவர்களும் தூளைக் கொட்டியெடுக்க இதனால்தான் இரண்டு சுரங்கத்துக்கும் வழி விடவேண்டும். முதல் துளைக்கு அரைக் கூடு தள்ளி இன்னொன்று போடுங்கள்.

முரசுமோட்டை வயற்காரன்:
5 மி.மீ. தள்ளிப் போட்டேன். அரைக் கோப்பைச் சேற்றுத்தண்ணீர் வந்தது தங்கச்சி. இரண்டு துளைக்கும் சைக்கிள் டியூப் வெட்டி அடைத்திருக்கிறேன்.