ஃபைபர் ஆர்ட் பயிற்சிக்குத் தமிழ்ப் பெயர்: நார்க்கலையா, இழைக்கலையா?

சிங்கப்பூரிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

குழும அன்பர்களுக்கு வணக்கம். பெரியவர்களுக்கான வார இறுதிப் பயிற்சி வரிசை ஒன்றின் துண்டறிக்கையைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அது அச்சுக்குப் போக வேண்டும். மற்ற மூன்று மொழிகளிலும் வேலை முடிந்துவிட்டது. சிறு மரச்சட்டத்தில் பாவு கட்டி நெய்வது, தக்ளி என்னும் சிறு கைக்கதிரில் நூல் நூற்பது, பருத்திக் கயிற்றை முடிச்சிட்டுச் சுவரில் மாட்டும் தொங்கல் செய்வது, ஆட்டு மயிரைச் சோப்பு நீரில் கசக்கி அழுத்தித் தறியில்லாமலே கம்பளித் துணியாக்குவது ஆகிய நான்கும் இதில் அடங்கும். இவை அனைத்துக்கும் பொதுவாக ஆங்கிலத்தில் 'ஃபைபர் ஆர்ட்' என்கிறார்கள். அகராதியைப் பார்த்து 'நார்க்கலை' என்று எழுதினேன். நார்ச்சத்து உணவு வகுப்பா என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். 'வயது வந்தோருக்கான செய்முறைப் பட்டறை' என்று எழுதியதைப் பார்த்தவர்கள் திரைப்படத் தணிக்கைச் சான்றிதழை நினைத்துச் சிரித்தார்கள். தலைப்பு ஒரே வரியில் அடங்க வேண்டும். உதவுங்கள்.

ஈரோட்டிலிருந்து, கைத்தறித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்:

அம்மா, வணக்கம். 'நெசவு' என்று ஒரு சொல் இருக்கும்போது எதற்கு இவ்வளவு சுற்று? 'நெசவும் நூல் கைவேலையும்' என்று போடுங்கள். படிக்கிற எவருக்கும் விளங்கும். 'செய்முறை' என்பதை அடித்துவிடலாம், கையை வைக்காமல் தறியில் என்ன கற்க முடியும்? துண்டறிக்கையின் உள்ளே 'நெடுக்கிழை', 'குறுக்கிழை' என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள் என்பது என் தனி வேண்டுகோள். நீளவாக்கில் விறைப்பாக நிற்பது பாவு. அதனூடே குறுக்காகப் போய்வருவது ஊடை. பவானியில் ஜமுக்காளம் நெய்கிறவரும் காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்கிறவரும் அப்படித்தான் சொல்கிறார்கள். புதிதாகக் கற்பவர்கள் ஊடையை இறுக்கி இழுத்துவிடுவார்கள், நாலு விரற்கடை நெய்வதற்குள் இரு கரையும் உள்ளே வாங்கித் துணி இடுப்பொடுங்கிப் போகும். ஊடையை வில்லாக வளைத்துப் படுக்கவைத்து, பிறகு சீப்பால் அடித்து இறக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். தலைப்பை விட அது பயன்படும்.

சென்னையிலிருந்து, தமிழ்ப் பேராசிரியர்:

ஈரோட்டு நண்பர் 'நெசவு' என்ற சொல்லின் மேல் வைத்திருக்கும் பற்று போற்றத்தக்கது. நெய் என்னும் வினையடியிலிருந்து 'நெயவு' என்று ஒரு வடிவம் பிறந்து, 'உயிர்' பேச்சில் 'உசிர்' ஆவதுபோல யகரம் சகரமாகத் திரிந்து 'நெசவு' ஆயிற்று என்பது என் கருத்து. எனவே பேச்சுத் திரிபைக் கலைச்சொல்லின் தலையில் ஏற்றுவதைவிட 'நெய்தற்கலை' என்பதே சீர்மை உடையது. நெய்தல் திணையோடு மயங்குமே என்பார்க்கு, இடம் நோக்கிப் பொருள் கொள்வது தமிழ் மரபு என்பதே விடை. இது ஒருபுறம் இருக்க, இந்தச் சிக்கலை இளங்கோவடிகள் எப்போதோ தீர்த்துவிட்டார். 'பட்டினும் மயிரினும் பருத்தி நூலினும் கட்டு நுண்வினைக் காருகர் இருக்கையும்' என்று சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, காருகர் என்னும் நெசவாளர் வாழ்ந்த புகாரின் வீதியைக் காட்டுகிறது. பட்டு, மயிர், பருத்தி என மூன்று மூலப்பொருளும் அங்கே வந்துவிட்டன. 'கட்டு நுண்வினை' என்பதில் முடிச்சுவேலையும் அடங்கும். ஆகவே 'காருகக் கலை' என்று பெயரிடுக. ஃபைபர் ஆர்ட் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை இனிமேல் யாரும் ஆக்கிவிட முடியாது.

கோவையிலிருந்து, துகிலியல் ஆசிரியை:

பேராசிரியர் ஐயா பொறுத்தருள வேண்டும். கைவினைஞரைக் குறிக்கும் 'காரு', 'காருக' ஆகியவை வடமொழிச் சொற்கள். தொல்காப்பியம் வடசொல்லுக்கு இடம் தருகிறது என்பதால் எனக்கு அதில் தடையில்லை. 'நெசவு' என்பதையே பேச்சுத் திரிபு என்று ஒதுக்கும் தாங்கள் அதை முன்மொழிவதுதான் வியப்பு. அதைவிடப் பெரிய தடை, சனிக்கிழமை காலை பேருந்து நிறுத்தத்தில் துண்டறிக்கையைப் பார்ப்பவருக்குக் 'காருகம்' என்றால் காராமணி நினைவுக்கு வரும்.

நெசவு மட்டும் ஏன் போதாது என்பதை ஈரோட்டு ஐயாவுக்குச் சொல்ல வேண்டும். 1962இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பன்னாட்டுத் திரைச்சீலைக் கண்காட்சி தொடங்கியபோது அது பெரும்பாலும் சுவரில் தொங்கும் நெசவாகவே இருந்தது. போலந்தின் மக்தலேனா அபகானோவிச் பழைய கற்றாழைநார்க் கயிறுகளைப் பிரித்துச் சாயமேற்றி, ஆள் உள்ளே நுழையும் அளவுக்குப் பெரிய தொங்கு உருவங்களை நெய்தார். 1969இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடம் சுவர்த்தொங்கல்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. நம் நாட்டு மிருணாளினி முகர்ஜியோ தறியையே நாடாமல், சணலைப் போன்ற முரட்டு நார்க்கயிற்றை முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு, நிற்கும் சிற்பங்களைச் செய்தார். இவற்றில் பாதி நெசவு அன்று. சில நூலும் அன்று. அதனால்தான் மூலப்பொருளின் பெயரால் ஒரு பொதுச்சொல் தேவைப்பட்டது.

அந்தப் பொதுச்சொல் 'நார்' ஆகாது. வாழை நார், தென்னை நார், கற்றாழை நார் என்று செடியிலிருந்து உரிப்பதைத்தான் நாம் நார் என்கிறோம். பட்டு, ஆட்டு மயிர் ஆகியவற்றை நார் என்றால் நெசவாளர் எவரும் ஒப்பமாட்டார். வகுப்பில் நாங்கள் இழை, நூல், துணி என்ற வரிசையில் கற்பிக்கிறோம்: இழைகளைச் சேர்த்து முறுக்கினால் நூல், நூலைக் கோத்தால் துணி. நூற்பதும் நெய்வதும் முடிச்சிடுவதும் கசக்கி ஒட்டவைப்பதும் எல்லாம் இழையில் தொடங்குவதால் 'இழைக்கலை' என்பது என் பரிந்துரை.

சென்னையிலிருந்து, தமிழ்ப் பேராசிரியர்:

'இழை' என்றால் சங்கத் தமிழில் அணிகலன். ஆயிழை, சேயிழை என்று எத்தனை விளிகள்! 'இழைக்கலை' என்று கண்டவர் நகை செய்யும் பயிற்சி என்று வந்து நிற்பர். போதாக்குறைக்குத் தச்சர் இழைப்புளியால் மரத்தை இழைக்கிறார், வீட்டில் சந்தனம் இழைக்கிறோம், பொற்கொல்லர் கல் இழைக்கிறார். 'காருகர்' வடசொல் என்பதையும் ஏற்பதற்கில்லை. 'கரு' என்னும் வேருக்குச் செய்தல் என்ற பொருள் உண்டு; கருவி, கருமம் என்பனவற்றை ஒப்பிடுக. இதைப் பற்றித் தனி மடலில் விரிவாக எழுதுவேன்.

கோவையிலிருந்து, துகிலியல் ஆசிரியை:

வடமொழிக் 'கர்ம'த்திலிருந்து வந்த 'கருமம்' என்ற சொல்லையே சான்றாகத் தருகிறீர்களே ஐயா! அதைத் தனி மடலுக்கே விட்டுவிடுகிறேன். நன்னூல் பாயிரத்தில் தாங்கள் எங்களுக்கு நடத்தும் வெண்பாவையே தங்கள் முன் வைக்கிறேன்: 'பஞ்சிதன் சொல்லாப் பனுவல் இழையாகச் செஞ்சொற் புலவனே சேயிழையா'. ஓர் அடியில் இழை முறுக்கிய நூலாகவும் அடுத்த அடியில் அணிகலனாகவும் வருகிறது. படித்தவர் எவரும் தடுமாறியதில்லை. ஒளியிழை, கண்ணாடியிழை என்று ஏற்கெனவே வழக்கில் இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'நூற்கலை' என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: அது புத்தகக் கண்காட்சி ஆகிவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து, ஆசிரியர்:

வணக்கம். 'இழைக்கலை' எனக்கு உடன்பாடு. ஆனால் 'பட்டறை' ஏன்? எங்களிடம் இதற்குச் 'செயலமர்வு' என்ற சொல் நெடுங்காலமாகப் பாடசாலை, அரசுத் திணைக்களம் எங்கும் புழங்குகிறது. செயலும் உண்டு, கூடியிருந்து கற்பதும் உண்டு. 'வளர்ந்தோர்' என்பதையும் பரிந்துரைக்கிறேன். தமிழகத்தில் 'முதியோர் கல்வி' என்று பெயரிட்டு, முப்பது வயதுக்காரரையும் முதியவர் ஆக்கிய கதை இங்கே வேண்டாம்.

ஈரோட்டிலிருந்து:

செயலமர்வு நல்ல தமிழ்தான், ஐயா. குழித்தறியில் உட்கார்ந்துதான் நெய்கிறோம் என்பதால் அமர்வும் பொருந்தும். ஆனால் எங்கள் பக்கத்தில் 'அமர்வு' என்றால் மேடையும் தலைமையுரையும். பட்டறை என்றால் கை அழுக்காகும் இடம் என்று எவருக்கும் தெரியும்.

கோவையிலிருந்து:

அதற்கு வெளியிலும் துணை இருக்கிறது. 1919இல் ஜெர்மனியின் வைமரில் தொடங்கிய பௌஹவுஸ் கலை, வடிவமைப்புப் பள்ளியில் நெசவுப் பிரிவின் பெயரே நெசவுப் பட்டறை. குந்தா ஸ்டோல்ஸல் அதை நடத்தினார். பின்னாளில் நெசவுக் கலைஞராகப் பெயர்பெற்ற அன்னி ஆல்பர்ஸ் அங்கேதான் தறி பழகினார். ஓவியம் தீட்ட வந்த பெண்களையும் நெசவுப் பக்கம் தள்ளிவிட்டார்கள் என்பது வேறு வழக்கு. வகுப்பறை, பயிலரங்கு என்ற சொற்களில் வராத தறியோசை பட்டறையில் வருகிறது.

சிங்கப்பூரிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 'இழைக்கலை'க்கு ஆதரவு மிகுதி. எதிர்ப்பவர்களும் மாற்றுச் சொல்லில் ஒன்றுபடவில்லை. 'பெரியவர்களுக்கான இழைக்கலை, நெசவுப் பட்டறை' என்று அனுப்பியிருக்கிறேன். 'வளர்ந்தோர்' எனக்குப் பிடித்ததுதான், இங்குள்ளவர்கள் உயரமானவர்களுக்கா என்று கேட்பார்களோ என்ற அச்சத்தில் விட்டுவிட்டேன். உள்ளே பாவு, ஊடை, தக்ளி மூன்றும் அப்படியே இருக்கின்றன. ஊடையை வில்லாக வளைக்கும் வரியும் சேர்ந்துவிட்டது. மயிரைக் கசக்கிச் செய்வதற்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை என்பதால் செய்முறையை ஒரு வாக்கியமாக எழுதிவிட்டேன்.

ஈரோட்டிலிருந்து:

மகிழ்ச்சி, அம்மா. அச்சில் வரட்டும். எனினும் பதிவுக்காகச் சொல்கிறேன்: 'இழைக்கலை'யைப் பார்த்து எங்கள் ஊர் நெசவாளர் ஒருவரும் அது தம் தொழில் என்று கண்டுகொள்ள மாட்டார். கலை என்று பெயர் வைத்தவுடன் தறிக்காரர் வெளியே நின்றுவிடுகிறார். பயிற்சி தருபவர்களில் ஒருவராவது தறியில் பிழைத்தவரா என்று விசாரித்து எழுதுங்கள்.

சென்னையிலிருந்து, தமிழ்ப் பேராசிரியர்:

பெரும்பான்மை கண்டு சொல்லாக்கம் செய்வதை நான் ஏற்கவில்லை. 'காருகம்' பற்றிய விரிவான மடல் நாளை வரும்.