விசில் வராத குக்கரும் குச்சி சொருகிய ரைஸ் குக்கரும்

சமையலறைச் சாமான்களில் ஆபத்துக்கென்று வைத்திருக்கும் பாகம் தன் வேலையைச் செய்தால், "சாமான் கெட்டுப்போச்சு" என்பதுதான் வீட்டில் முதல் பேச்சாக இருக்கிறது. அந்தப் பேச்சைத்தான் எனக்கு மாற்ற வேண்டும். நேரில் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

போன தை மாதம் திருச்சியில் சித்தி வீட்டில் இருந்தேன். விருந்தாட்கள் வருவதால் துவரம்பருப்பைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டுக் குக்கரை ஏற்றியிருந்தார் சித்தி. வெளிமூடி போடும் பழைய குக்கர். நெடுநேரமாகியும் விசில் வரவில்லை. திடீரென்று புஸ்ஸென்று ஒரு சத்தம். மூடியின் விளிம்பில் ஒரு நீளவாக்கு ஓட்டை இருக்குமே, அதன் வழியாகக் கறுப்பு காஸ்கெட் நாக்கு நீட்டியதுபோல் வெளியே வந்திருந்தது. நீராவியும் பருப்புத் தண்ணீரும் அடுப்பு மேடையெங்கும் வழிந்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நன்றாக ஆறிய பிறகு மூடியைக் கழற்றிப் பார்த்தோம். வெயிட் உட்காரும் குழாயில் பருப்புத் தோல் அடைத்திருந்தது. சரி, அப்படியானால் முதலில் சேஃப்டி வால்வு அல்லவா போயிருக்க வேண்டும்? அதற்குள் இருக்கும் உலோகக் கலவை குறிப்பிட்ட சூட்டில் உருகி, நீராவிக்கு வழிவிட வேண்டும். அது அசையவே இல்லை. கடைவீதியில் ஏதோ ஒரு வால்வை வாங்கி மாட்டியிருந்ததாகச் சித்தப்பா சொன்னார். போலி வால்வு உருகாமல் நின்றதால், கடைசிக் காவலாக இருந்த காஸ்கெட்தான் காப்பாற்றியது.

இந்தக் காஸ்கெட் ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் டிடிகே பிரெஸ்டீஜ் குக்கர் கம்பெனியின் டி.டி. ஜகந்நாதன். போலி வால்வுகளால் குக்கர்கள் வெடிப்பதைப் பார்த்துத்தான், எந்தக் கடையில் வால்வு வாங்கினாலும் வீட்டுக்காரர் தப்பிக்கும்படி இன்னொரு வழி வைத்தார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை. உள்மூடிக் குக்கரில் காவல் வேறு விதம். உள்ளேயிருக்கும் அழுத்தமே மூடியை மேல்நோக்கி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் இறங்காமல் திறக்க வராது. அதைக் கரண்டி விட்டு நெம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

அப்புறம், சென்னையில் தம்பி நண்பர்களோடு தங்கியிருந்த அறை. ரைஸ் குக்கரில் வெங்காயம் வதக்குவார்கள். தண்ணீர் இல்லாததால் ஸ்விட்ச் டக்கென்று மேலே ஏறிவிடும். உடனே ஒரு ஐஸ்கிரீம் குச்சியைச் சொருகி ஸ்விட்சைக் கீழேயே நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் குக்கர் மொத்தமாக உயிர்விட்டது. பழுது பார்ப்பவர் அடித்தட்டைக் கழற்றியபோது நானும் கூட இருந்தேன். அவர் காட்டியது அழகான ஒரு வேலைப்பாடு. நடுவில் பாத்திரத்தின் அடியைத் தொட்டபடி ஸ்பிரிங் வைத்த ஒரு காந்தம். தண்ணீர் இருக்கும்வரை அடிப்பகுதி நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீரை அரிசி இழுத்துக்கொண்டதும் சூடு ஏறும். 103 டிகிரி அளவில் அங்குள்ள ஃபெரைட் என்ற காந்தப் பொருள் தன் பிடிப்பை இழக்க, ஸ்பிரிங் தள்ளிவிட, ஸ்விட்ச் மேலே வரும். குச்சி அந்த வேலையைத்தான் தடுத்திருக்கிறது. அதற்கும் பின்னால், சூடு மிஞ்சினால் அறுபடுவதற்கென்றே நிற்கும் தெர்மல் ஃப்யூஸ் எரிந்து, மின்சாரத்தை அறுத்துவிட்டது.

அவர் அதோடு நிற்கவில்லை. "ஃப்யூஸுக்குப் பதிலா ஒரு வயரைச் சேர்த்துவிட்டா போதும், இனிமே போகவே போகாது" என்றார். வேண்டவே வேண்டாம், அதே அளவு ஃப்யூஸ்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அந்தப் பாகத்தின் விலை மிகக் குறைவு. வயரைப் போட்டிருந்தால் அடுத்த முறை தீப்பிடிப்பதைத் தடுக்க அங்கே எதுவுமே இருந்திருக்காது.

மிக்ஸி நின்றுபோனதாகச் சொல்லிக் கடைக்குத் தூக்கிப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுமை அதிகமானால் நிற்கும்படி பல மிக்ஸிகளில் அடியில் சின்னச் சிவப்புப் பொத்தான் உண்டு. ப்ளக்கைப் பிடுங்கி, மோட்டார் ஆறியதும் அதை அழுத்தினால் ஓடும். உளுந்தைத் தண்ணீர் விடாமல் கெட்டியாக அரைக்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும்.

குக்கர் வாங்குகிறவர்கள் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 2347 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். 2021 பிப்ரவரி முதல் வீட்டுக் குக்கர்களுக்கு அது கட்டாயம். காஸ்கெட், வால்வு இரண்டையும் அந்தந்தக் கம்பெனியின் பாகமாகவே கேட்டு வாங்குங்கள். ஏற்றுவதற்கு முன் வெயிட் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, துளை தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். சித்தி இப்போது அதற்கென்றே ஜன்னலோரம் ஓர் ஈர்க்குச்சி வைத்திருக்கிறார்.

தீ அணைந்தால் தானே கேஸை நிறுத்தும் அடுப்பை யாராவது பயன்படுத்துகிறீர்களா? பால் பொங்கி அணைந்தபோது அது எப்படி நடந்துகொண்டது என்று எழுதுங்கள். அம்மாவுக்கு வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன்.